தீர்ப்பில் நான்கு இடங்களில் மட்டும் அண்ணனின் பெயர்

ஆறரை ஆண்டுகள் காத்திருந்த தீர்ப்பை வாசித்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முதல் எதிரிக்கு ஆயுள் தண்டனையும் அபராதமும். இரண்டாம் எதிரிக்குச் சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை. அதற்குள் அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டார். "அவ்வளவுதான் அம்மா" என்றேன். "இவனைப் பற்றி ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தேனே" என்றார். இவன் என்று அவர் சொன்னது என் அண்ணனை.

2010 ஆகஸ்டில் அண்ணன் கொல்லப்பட்டார். அவருக்கு அப்போது வயது 34, எனக்கு 30. பக்கத்து வீட்டுக்காரரோடு பொதுச் சுவர் தொடர்பாக இரண்டு ஆண்டுகளாகத் தகராறு. அன்று மாலை வேலையிலிருந்து திரும்பி, வாசலில் குனிந்து சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தவரின் தோளை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வெட்டினார். அந்தப் பக்கத்து வீட்டு அண்ணன் தம்பிகள் அவர்கள். நான் மாடியில் நின்று பார்த்தேன். அந்தக் காட்சியை நீதிமன்றத்தில் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டேன். இங்கே மறுபடி எழுதப்போவதில்லை.

அன்று இரவு பதினொரு மணிக்குக் காவல் நிலையத்தில் புகார் எழுதினார்கள். நான் அழுதுகொண்டே சொல்ல, ஒருவர் எழுதிக்கொண்டே வந்தார். வாசித்துப் பாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தத் தாளில் வெட்டியவரின் பெயர் சரியாக இருந்தது. அவருடைய தம்பியைப் பற்றி "உடனிருந்தார்" என்று மட்டும் இருந்தது. தோளைப் பிடித்தார் என்ற சொல் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 2014இல், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தத் தாளை என் முன்னால் நீட்டி, "பிடித்தார் என்று இதில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. இரண்டாம் எதிரி வெளியே நடந்து போனதற்கு அந்த விடுபட்ட சொல் பெரிய காரணம். தீர்ப்பிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

ஆகவே இந்த நிலைமைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எவ்வளவு நொறுங்கியிருந்தாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் புகாரை வாசியுங்கள். முடியாவிட்டால் சற்று நிதானமாக இருக்கும் ஒருவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். யார் என்ன செய்தார் என்பது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வந்திருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை. அதை வாங்கி மறுநாளே இன்னொருமுறை வாசியுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் அன்றே எழுத்தில் கொடுங்கள், குற்றவியல் நடுவர் முன்னால் வாக்குமூலம் பதிவு செய்யவும் கேளுங்கள். காவல்துறை எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்து இருக்காது. நடுவர் பதிவு செய்வதற்கு அதைவிடக் கனம் அதிகம்.

நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் அந்த இடத்தின் மொழி புரிந்தது. குற்றம் சாட்டப்பட்டவரை அங்கே "எதிரி" என்கிறார்கள். எங்களுக்கு எதிரி என்றுதான் முதலில் நினைத்தேன். வழக்கு அரசுக்கும் அவருக்கும் இடையிலானது. நான் அரசுத் தரப்பு முதல் சாட்சி, அ.சா.1. அம்மா அ.சா.4. அண்ணன் "இறந்தவர்". எங்கள் வீட்டில் நடந்த சாவு எங்கள் கையைவிட்டுப் போய், எண்களுக்குள் அடங்கிவிட்டது. இதில் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது அதில் ஒரு நியாயமும் தெரிகிறது. பழிவாங்கும் வேலையை எங்கள் தலையில் வைக்காமல் அரசு எடுத்துக்கொண்டதால்தான் என் சித்தப்பா மகன் இன்று சிறையில் இல்லை. அந்த முதல் வாரத்தில் அவன் என்ன எண்ணத்தில் இருந்தான் என்பது எனக்குத் தெரியும்.

எதிரிகள் இருவரும் கைதாகி 96ஆம் நாள் ஜாமீனில் வெளியே வந்தார்கள். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றமானால் 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். தாக்கலாகாவிட்டால் காவலில் இருப்பவர் ஜாமீன் கேட்பது அவருடைய உரிமை. எங்கள் வழக்கில் தாக்கலாகவில்லை. அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். நாட்காட்டியில் 60ஆம் நாளையும் 75ஆம் நாளையும் வட்டமிட்டு வைத்துக்கொண்டு, அந்தந்த நாளில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் நினைவூட்டுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ காவல்துறை தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். ஜாமீன் மனு வந்தால் உங்கள் தரப்பைச் சொல்லவும் உரிமை உண்டு. விசாரணைக் கட்டத்திலிருந்தே பாதிக்கப்பட்டவர்களின் குரலைக் கேட்க வேண்டும் என்று 2022இல் ஜகஜீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அம்மா சாட்சி சொன்ன நாளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பழுப்பு உறையிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மேசையில் விரித்தார்கள். சான்றுப் பொருள் 3. நான்கு ஆண்டு மடிப்பு அதில் விழுந்திருந்தது. தடய அறிவியல் ஆய்வுக்காகத் தோள்பட்டையில் சதுரமாக ஒரு துண்டைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். இது யாருடையது என்று அரசு வழக்கறிஞர் கேட்டார். "என் மகனுடையது." எப்படித் தெரியும்? "இரண்டாவது பொத்தானை நான்தான் தைத்தேன். வெள்ளை நூல் தீர்ந்துவிட்டது, கறுப்பு நூலில் தைத்தேன்." எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, இதே மாதிரி சட்டை ஆயிரம் பேரிடம் இருக்கும் அல்லவா என்றார். "இருக்கும் ஐயா. கறுப்பு நூல் இருக்காது" என்றார் அம்மா. நீதிபதி எழுதுவதை நிறுத்தி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அம்மா சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். அது நடைமுறையில் இல்லை என்றார்கள்.

பிறகு தீர்ப்பின் கடைசிப் பத்தியில், மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பின் சான்றுப் பொருள்களை அழித்துவிட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. வழக்கமாக எழுதுகிற வரிதான். அம்மா தண்டனையைக் கேட்டு அழவில்லை, இந்த வரிக்கு அழுதார். இறந்தவரின் பொருள் ஏதாவது உங்களுக்குத் திரும்ப வேண்டுமென்றால் தீர்ப்புக்கு முன்பே மனு கொடுக்க வேண்டும். எங்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

சொல்ல ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். அரசு வழக்கறிஞர்தான் வழக்கை நடத்துவார், ஆனால் அவருக்கு உதவியாக உங்கள் சார்பில் ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அவர் நேரடியாகச் சாட்சிகளைக் கேள்வி கேட்க முடியாது. சாட்சியம் முடிந்த பிறகு, நீதிமன்ற அனுமதியோடு எழுத்துப்பூர்வ வாதத்தைத் தாக்கல் செய்யலாம். எங்களுக்கு அந்த எழுத்துப்பூர்வ வாதம்தான் கைகொடுத்தது. ஏனென்றால் எதிர்த்தரப்பு அண்ணனின் மேல்தான் பழியைப் போட்டது. அவர்தான் முதலில் திட்டினார், கல்லை எடுத்தார், திடீர் ஆத்திரத்தில் நடந்துவிட்டது என்றார்கள். இதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் குற்றம் கொலையிலிருந்து இறங்கி, அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஆம் பிரிவுக்கு, அதாவது கொலையைவிடக் குறைந்த குற்றத்துக்குப் போய்விடும். தெருவிலும் இதைத்தான் பேசினார்கள். "அவனும் சும்மா இருந்திருக்க மாட்டான்." ஆறரை ஆண்டுகள் அந்த வாக்கியத்தோடு வாழ்ந்தோம். அண்ணி தண்ணீர் எடுக்கப் போனால்கூட அது காதில் விழும்.

சாட்சிகளில் மூவர் பிறழ் சாட்சிகளானார்கள். அதில் ஒருவர் அன்று அண்ணனின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தவர். கூண்டில் ஏறி, தான் ஊரிலேயே இல்லை என்றார். பல ஆண்டுகள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய இரண்டு பெண்களும் பள்ளிக்கூடம் போக எதிரிகளின் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது பிறகு புத்தியில் உறைத்தது. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமாக ஏற்றது 2018 டிசம்பரில், எங்கள் வழக்கில் தீர்ப்பு வந்த பிறகு. இப்போது மிரட்டல் இருக்கும் சாட்சி பாதுகாப்பு கேட்டு விண்ணப்பிக்கலாம். உங்கள் சாட்சிகளுக்கு இதைச் சொல்லுங்கள். அவர்கள் வீரர்களாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தண்டனையைப் பற்றி எங்கள் வீட்டிலேயே மூன்று கருத்து. அப்பாவுக்குத் தூக்கு வேண்டும். அதற்குக் குறைந்த எதையும் அவர் நீதி என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த "அரிதினும் அரிதான" என்ற அளவுகோலை அரசு வழக்கறிஞர் பொறுமையாக விளக்கினார். கொலைக்கு ஆயுள் தண்டனைதான் விதி, தூக்கு விதிவிலக்கு என்றார். அப்பா கேட்டுவிட்டு, "எனக்கு ஒரே மகன்தானே ஐயா, இதைவிட அரிது என்ன இருக்கிறது?" என்றார். அதற்கு அவரிடமும் பதில் இல்லை. அண்ணிக்கு வழக்கு சீக்கிரம் முடிந்தால் போதும், மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போக வேண்டும். நான் எதை விரும்பினேன் என்று கேட்டால், வெட்டியவன் ஒருமுறையாவது உண்மையைச் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். அப்பா தீர்ப்புக்கு எட்டு மாதம் முன்பு காலமானார். கடைசி ஆண்டுகளில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சட்டை போட்டுத் தயாராகி, ஒத்திவைத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அந்தச் சட்டையைக்கூடக் கழற்றாமல் மாலை வரை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மருத்துவரைப் பார்ப்பதையும் பேத்தியின் பிறந்தநாளையும் "தீர்ப்பு வரட்டும்" என்று தள்ளிப்போட்டார். நாங்கள் தடுத்திருக்க வேண்டும்.

வள்ளுவரின் செங்கோன்மை அதிகாரத்துக் கடைசிக் குறள், கொலையிற் கொடியவர்களை வேந்தன் ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பது போன்றது என்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்த வரிதான். வழக்கு நடந்த ஆண்டுகளில்தான் அதில் எனக்கு வேறொன்று தெரிந்தது. களை எடுப்பது வயலில் நிற்கிற பயிருக்காக. பிடுங்கி எறியப்பட்ட பயிர் அதனால் திரும்ப நடப்படுவதில்லை. தண்டனை மற்றவர்களைக் காக்கிறது, இங்கே ஓர் உயிர் போனதற்குக் கணக்குக் கேட்கப்படும் என்று சொல்கிறது. அது பெரிய விஷயம், அது இல்லாத ஊரில் யாரும் வாழ முடியாது. ஆனால் நீதிமன்றம் எடைபோடுவது கொன்றவனின் குற்றத்தை. எங்கள் வீட்டில் எடை அண்ணன் இல்லாத இடத்துக்கு. ஒரு தராசின் கல் இன்னொன்றுக்குப் பொருந்தாது. தூக்கே கிடைத்திருந்தாலும் அப்பாவின் தட்டு சமமாகியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவர் உயிரோடு இருந்தபோது அவரிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

ஆனால் தண்டனையால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். தீர்ப்பின் 41ஆம் பக்கத்தில் நீதிபதி எழுதியிருந்தார்: இறந்தவர் கையில் ஆயுதம் ஏதும் இல்லை, அவர் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார், அவர் தரப்பில் ஆத்திரமூட்டும் செயல் ஏதும் நிரூபிக்கப்படவில்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்துத் தரச் சொல்லி, ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டார். ஆயுள் என்றால் எத்தனை ஆண்டு என்று அவர் இன்றுவரை என்னிடம் கேட்டதில்லை. தன் மகன் சும்மா இருந்தவன் என்று அரசாங்க முத்திரையோடு எழுதப்பட்டதுதான் அவருக்குக் கிடைத்த நீதி. ஆகவே வாதத்தில் எதற்கு முழு பலத்தையும் செலவிட வேண்டும் என்று என்னைக் கேட்பவர்களுக்கு, உண்மை முழுதாகப் பதிவாவதற்கு என்று சொல்கிறேன். தண்டனையின் அளவு உங்கள் கையில் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், குறைந்த குற்றத்தில் தண்டித்தாலோ இழப்பீடு போதாவிட்டாலோ செய்யலாம். 2009 டிசம்பர் 31 முதல் அந்த உரிமை இருக்கிறது. தண்டனை போதாது என்று மேல்முறையீடு செய்ய மட்டும் உரிமை இல்லை, அதை அரசுதான் செய்ய முடியும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இரண்டாம் எதிரியின் விடுதலையை எதிர்த்து நான் உயர் நீதிமன்றம் போனேன். 2021இல் தள்ளுபடியானது. முதல் எதிரியின் மேல்முறையீடும் அதே நாளில் தள்ளுபடி. மூன்று மாதம் தூக்கமில்லை. இப்போது நிம்மதியா என்று கேட்டால், முயற்சி செய்தோம் என்பது இருக்கிறது.

இழப்பீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது அண்ணி, "அவர் உயிருக்கு விலை பேசச் சொல்கிறீர்களா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். நானும் வற்புறுத்தவில்லை. அது விலை இல்லை, சம்பாதிக்கிறவரை இழந்த குழந்தையின் படிப்புக்கு அரசு செலுத்தும் கடமை என்று புரிந்துகொண்டபோது காலவரம்பு தாண்டிவிட்டது. இந்தத் தவறைச் செய்யாதீர்கள். விண்ணப்பிக்கக் குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று பலரும் நம்புகிறார்கள். சட்டத்தில் ஆயுள் என்றால் வாழ்நாள் முழுதும்தான். 1961இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொலை போன்ற குற்றங்களில் 14 ஆண்டுகள் சிறையில் கழிக்கும் முன் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி முன்விடுதலை கிடையாது, அதன் பிறகு அரசு பரிசீலிக்கலாம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். எங்கள் வழக்கில் 2030 கடைசியில் அந்த நாள் வரும். அரசின் முடிவு தவறு என்று தோன்றினால் எதிர்க்கவும் முடியும். 2002 கலவரத்தின்போது நடந்த கூட்டு வல்லுறவு, கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு, குஜராத்தில் 2022 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்ட 11 பேரின் தண்டனைக் குறைப்பை, பாதிக்கப்பட்டவரான பில்கிஸ் பானு உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

2022இல் அண்ணனை வெட்டியவன் சிறையிலிருந்து சில நாள் விடுப்பில் வந்திருந்தான். எனக்குத் தெரியாது. பஸ் நிறுத்தத்தில் இரண்டு ஆள் தள்ளி நின்றிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது, கையில் மருந்துச்சீட்டு வைத்திருந்தான். பார்த்தால் என்ன செய்வேன் என்று பன்னிரண்டு ஆண்டுகள் நினைத்து வைத்திருந்த எதுவும் அப்போது வரவில்லை. இவனுக்கு வயதாகிறது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. அண்ணனுக்கு இன்னும் 34. 2015இலேயே நான் அவரைவிட மூத்தவளாகிவிட்டேன். அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தான். அது வருத்தமா, பயமா, வெயிலா, எனக்குத் தெரியாது. வந்த பஸ்ஸில் ஏறாமல் வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

மன்னித்துவிட்டாயா என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காதீர்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சோனியா காந்தி கேட்டுக்கொண்டதை அடுத்து 2000இல் நளினியின் தூக்கு ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022இல் அந்த வழக்கின் கைதிகள் விடுதலையானபோது, அதே குண்டுவெடிப்பில் உயிரிழந்த மற்றவர்களின் குடும்பத்தினர் சிலர் மனம் கொதித்துப் பேசினார்கள். நிகழ்ச்சி ஒன்று, குண்டு ஒன்று. ஒருவர் மன்னித்ததை வைத்து இன்னொருவரின் மனதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 2030இல் என் கருத்தைக் கேட்டால் என்ன எழுதுவேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. அவன் உண்மையைச் சொன்னால் ஒருவேளை வேறு மாதிரி எழுதுவேன்.

அண்ணன் கொல்லப்பட்டபோது அவர் மகளுக்கு நான்கு வயது. 18 ஆனதும் தீர்ப்பை வாசிக்க வேண்டும் என்றாள். காயங்கள் பற்றிய மருத்துவச் சாட்சியப் பக்கங்களை மட்டும் பின் போட்டு மூடி, விருப்பம் இருந்தால் பிரித்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தாள். பின் அப்படியே இருந்தது. பென்சிலால் நான்கு இடங்களில் கோடு போட்டிருந்தாள். "அத்தை, 58 பக்கத்தில் அப்பா பேர் நாலு இடத்தில்தான் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் இறந்தவர், இறந்தவர் என்றே இருக்கிறது. அவர் இருந்தவர்தானே?" என்றாள்.

இப்போது ஒரு நோட்டு வாங்கி எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொள்வாள். அவருக்குக் கணக்கு வராது என்பதும், மழையில் நனைந்தால் யாரையும் திட்ட மாட்டார் என்பதும், சைக்கிளை எப்போதும் சுவரைப் பார்த்தே நிறுத்துவார் என்பதும் அதில் ஏறியிருக்கின்றன. போன வாரம் கறுப்பு நூல் பொத்தானுக்கு வந்தார்கள். வெள்ளை நூல் வாங்கி வந்து மாற்றித் தைத்துத் தருகிறேன் என்று அம்மா சொன்னாராம். அண்ணன், "இருக்கட்டும் அம்மா, இதுதான் என் சட்டை என்று தெரியும்" என்றாராம். இது எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாது.